குடத்துக்குள் யார் பேர்?

● உலகப் பாதுகாப்பெல்லாம் டெல்லிக்காரர்கள் சமாச்சாரம். உத்திரமேரூர்க்காரருக்கு அதில் என்ன வேலை?
(விவசாயி, சாலவாக்கம்)

அந்தப் பாதுகாப்பும் ஒரு குடத்தில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறது; குடவோலையை நம்மைவிட அறிந்தவர் யார்? திபெத்திலும் ஒரு குடம் உண்டு, தங்கத்தில். மறுபிறவி லாமாவைச் சீட்டுப் போட்டு எடுக்கச் சொல்லி 1793-ல் சீனப் பேரரசர் சியென்லோங் அனுப்பியது.

● நம்ம குடவோலையும் அதுவும் ஒன்றா?
(ஆசிரியை, திருப்புலிவனம்)

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலம், 919, 921. ஊர்ச்சபை பார்த்திருக்க, விவரம் அறியாத சிறுவன் ஓலையை எடுக்க வேண்டும். கணக்குக் காட்டாதவன் பேர் மட்டுமல்ல, அவன் நெருங்கிய சொந்தக்காரன் பேரும் குடத்துக்குள் போகக் கூடாது. திபெத்தின் லாசாவிலும் ஒரு பேர் குடத்துக்குள் போகவில்லை. 1995 மே மாதம் ஆறு வயதுப் பையன் ஒருவனை, திபெத்தில் தமக்கு அடுத்த பெரிய குருவான பஞ்சன் லாமாவின் மறுபிறவி என்று தலாய் லாமா அறிவித்தார். சில நாளில் சீன அரசு அவனைக் கொண்டுபோய்விட்டது; இன்றுவரை வெளியுலகம் கண்ணில் பார்க்கவில்லை. நவம்பரில் அவன் பேரைச் சேர்க்காமலே குலுக்கி, வேறொரு பையனை எடுத்தார்கள். குடத்தைக் குறை சொல்லி என்ன பயன்?

● கடவுளே இல்லை என்கிற சீனக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு மறுபிறவியில் என்ன அக்கறை?
(டீக்கடைக்காரர், மானாம்பதி)

சாமி கும்பிடாதவர் தர்மகர்த்தா ஆன கதைதான். மறுபிறவிக்கு அரசு அனுமதி வேண்டும் என்று 2007-ல் உத்தரவே போட்டார்கள். தலாய் லாமா சொல்தான் திபெத்தில் எடுபடும். திபெத்தின் எல்லையோ நம்மோடு. ஆறாவது தலாய் லாமா பிறந்த தவாங், சீனா தனதென்று கேட்கும் அருணாசலத்தில் இருக்கிறது. அடுத்தவரை அடையாளம் காணும் உரிமை தம் அறக்கட்டளைக்கே என்று 2025 ஜூலையில் இப்போதைய தலாய் லாமா அறிவித்துவிட்டார். நாளைக்கு இரண்டு தலாய் லாமா வந்தால், ராணுவத்துக்கும் வேலை வரும்.

● மாமல்லபுரத்தில் மோடியும் ஷியும் பல்லவர் கால உறவைப் புதுப்பித்தார்களே?
(கல்லூரி மாணவர், உத்திரமேரூர்)

2019 அக்டோபர். அன்று மாமல்லபுரம் நம்ம மாவட்டம். வேட்டி, இளநீர், வெண்ணெய் உருண்டைப் பாறை, எல்லாம் அழகு. எட்டு மாதத்தில் கல்வானில் சீனப் படையோடு மோதி 20 வீரர்களை இழந்தோம்.

● மறுபிறவி விஷயத்தில் இந்தியா யார் பக்கம்?
(ஓய்வுபெற்ற தபால்காரர், பெருநகர்)

1959-ல் தலாய் லாமாவுக்கு அடைக்கலம் கொடுத்தோம். ஆனால் நம்பிக்கை விஷயங்களில் அரசு நிலைப்பாடு எடுப்பதில்லை என்று வெளியுறவு அமைச்சகம் 2025-ல் சொல்லிவிட்டது. நழுவல்தான். 3,488 கிலோமீட்டர் எல்லைக்கோட்டை வைத்துக்கொண்டு வேறென்ன செய்வார்கள்?

● அடுத்த தலாய் லாமா தமிழ்நாட்டில் பிறந்தால்?
(அதே தபால்காரர்)

எந்தக் கட்சித் தலைவர் பேர் வைப்பது என்ற பஞ்சாயத்து முதலில் தீரட்டும். பெய்ஜிங் வரிசையில் நிற்கட்டும்.