தன் விளம்பரத்தைத் தானே தேடுபவர்

விருத்தாசலம் செராமிக் தொழிற்பேட்டைப் பக்கம் போனால் இவரைத் தவறவிட முடியாது. வேட்டியில் வெள்ளைக் களிமண் கறை, காதில் பேனா, கையில் போன். பீங்கான் விளக்கு, கொலு பொம்மை, ஃபியூஸ் கேரியர் எல்லாம் செய்து விற்பவர். சூளையிலிருந்து இறக்கிய விளக்கை நகத்தால் ஒரு சுண்டு சுண்டுவார். கணீரென்றால் அட்டைப் பெட்டிக்கு, டொக்கென்றால் மூலைக்கு. கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட அவர் காதுக்குத் தப்பாது. அப்பேர்ப்பட்டவரைத்தான் ஒரு விளம்பரம் படாத பாடு படுத்துகிறது.

சென்னையில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தங்கை மகன், தீபாவளி வியாபாரத்துக்காக மாமா பெயரில் கூகுளில் விளம்பரம் போட்டுக் கொடுத்தான். தினம் முந்நூறு ரூபாய். அன்று முதல் நம்மவர் சூளையைப் பார்ப்பதைக் குறைத்துக்கொண்டு விளம்பரத்தைப் பார்க்க உட்கார்ந்தார். அதுவோ கண்ணில் படுவதாக இல்லை.

"டேய் மாப்ளே, வெளம்பரம் வரலடா."

"வருது மாமா. ரிப்போர்ட்ல காட்டுதே."

"ரிப்போர்ட்டுக்கு வந்தாப் போதுமா? காசு போட்டவனுக்கு வர வேணாமா?"

அவர் கேட்பதிலும் நியாயம் உண்டு. ஊருக்குள் பாலக்கரையில் ஃப்ளெக்ஸ் கட்டினால் நடுராத்திரியில் போய்ப் பார்த்தாலும் அது அங்கேயே நிற்கும். கூகுள் விளம்பரத்துக்கு அப்படி நிலையான இடம் கிடையாது. ஒருவர் தேடும் ஒவ்வொரு முறையும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஓர் ஏலம் நடக்கிறது. தேடுபவர் எந்த ஊர், யார் எவ்வளவு தரத் தயார், எந்த விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறது என்றெல்லாம் பார்த்த பிறகே இடம் கிடைக்கும்.

மருமகன் போனிலேயே நாடி பிடித்தான்.

"எந்த பிரவுசர்ல பாக்குறீங்க மாமா?"

"சிங்க மூஞ்சி போட்டது."

அதாவது பிரேவ். ஊரான் விளம்பரம் ஒன்றுகூடத் தன் கண்ணில் படக் கூடாதென்று அதன் தடுப்பை உச்சத்தில் வைத்திருந்தார் மாமா. சிங்கத்துக்கு ஊரான் விளம்பரம், உடையவர் விளம்பரம் என்ற பேதம் தெரியாது. சரி, குரோமுக்கு மாறினார். அப்போதும் இல்லை. மருமகன் விளம்பரத்தைச் சென்னை, கோவை, பெங்களூரு ஆட்களுக்கு மட்டும் காட்டச் சொல்லியிருந்தான். "விருத்தாசலத்துக்காரனுக்கா மாமா நாம பீங்கான் விக்கப்போறோம்?" என்றான். மாமா முகம் வாடியதைக் குரலிலேயே உணர்ந்து, விருத்தாசலத்தையும் சேர்த்துவிட்டான்.

மறுநாள் காலை விளம்பரம் வந்தது. அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் போட்டார். பாசக்காரக் கூட்டம் சும்மா இருக்குமா? சென்னைச் சித்தப்பா, கோவைச் சின்ன மாமியார், பெங்களூருச் சகலை என்று கூகுளில் தேடிப் பிடித்து, மொய் வைப்பதுபோல ஆளுக்கொரு கிளிக் வைத்தார்கள். பார்த்தால் காசில்லை, கிளிக்குக்குத்தான் காசு. மொய் முழுக்க இவர் பையிலிருந்தே போயிற்று. பத்து மணிக்குள் அன்றைய பணம் தீர, விளம்பரமும் மறைந்தது.

"போட்டிக்காரன் செய்வினை வச்சிட்டான்டா."

"செய்வினை இல்ல மாமா, சொந்தக்காரங்க."

அதோடு இவர் விட்டாரா? நாள் முழுக்கத் தேடினார். தேடுவார், பார்ப்பார், தன் காசாயிற்றே என்று கிளிக் மட்டும் செய்ய மாட்டார். ஒரே ஆள் திரும்பத் திரும்பத் தேடியும் தொடவில்லை என்றால், இவருக்கு இதில் ஆர்வமில்லை என்று எண்ணி கூகுள் அவருக்குக் காட்டுவதை நிறுத்திவிடக்கூடும். உலகத்திலேயே அந்த விளம்பரத்தின்மேல் அதிக ஆர்வம் உள்ளவரைப் பார்த்து அது எடுத்த முடிவு! விளம்பரக் கணக்குக்குள்ளேயே ஒரு முன்னோட்டக் கருவி இருக்கிறது. எந்த ஊரில் எப்படித் தெரியும் என்று செலவில்லாமல் காட்டும். வரவில்லை என்றால் காரணமும் சொல்லும். மருமகன் அதையும் அனுப்பிவைத்தான். "இது கொலு பொம்மைடா. நெசத்தக் காட்டு" என்று தள்ளிவிட்டார்.

போட்ட இடம் ஒன்று, கிடைக்கும் இடம் வேறு என்பது இந்த ஊர்க்காரருக்குப் புதிதாக இருக்கக் கூடாது. சுந்தரர் இங்கே சிவனிடம் 12,000 பொன் வாங்கி, மணிமுத்தாற்றில் போட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்தார் என்கிறது புராணம். அதை வீட்டுக்காரம்மா எடுத்துவிட்டார்: "அவரு ஆத்துல போட்டாரு, கொளத்துல எடுத்தாரு. நீங்க மெட்ராஸுக்குன்னு போட்டுட்டுத் திண்ணையில தேடுறீங்க."

ஒரு மத்தியானம் கோவையிலிருந்து போன். ஐந்நூறு விளக்கு வேண்டுமாம்.

"எங்க நம்பர் எப்படிங்க கெடச்சுது?"

"கூகுள்ல விளம்பரம் பார்த்தேனுங்க."

நம்மவர் எழுந்து நின்றுவிட்டார்.

"உங்களுக்கு வந்துச்சா? எத்தனை மணிக்கு?"

"அதெல்லாம் ஞாபகமில்லீங்க. வெலை சொல்லுங்க."

"வெலை கெடக்குதுங்க, மொதல்ல அந்த ஸ்கிரீன்ஷாட்ட அனுப்புங்க."