சமத்தா இருக்கணும், சரியா?

"பாவம்ங்க, அதுக்கு உங்க மேல அவ்வளவு பாசம்" என்று இனி யாராவது சொன்னால், அவர்கள் வீட்டில் எங்கள் நாய் லட்டுவை ஒரு மத்தியானம் விட்டுவிட்டு வருவதாக இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை ஒரு வளைகாப்புக்குப் போனோம். திரும்பி வந்து பூட்டைத் திறந்தால் கதவு நகர மாட்டேன் என்கிறது. சோபாவுக்குள் இருந்த ஸ்பாஞ்சு மொத்தமும் வாசலுக்கு வந்து அடைத்துக்கொண்டிருந்தது. முட்டித் தள்ளி உள்ளே போனேன். டிவி ரிமோட்டில் சத்தத்தைக் குறைக்கும் பட்டன் மட்டும் மிச்சம். கதவின் உள்பக்கம் நாங்கள் குடிவந்தபோது தேக்கு. இப்போது அது என்ன மரமென்று ஆசாரிதான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஹவுஸ் ஓனர் அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். பாசம் என்றெல்லாம் அவரிடம் பேச முடியாது.

நாயை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போய் வர ஒரு வழி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் நாம் கிளம்புகிற அழகைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

பட்டுப்புடவையின் கொசுவத்தைச் செருகியதுமே மனைவி லட்டுவின் முன்னால் மண்டி போட்டுவிடுவாள். "அம்மா இதோ தெருமுனைக்குப் போயிட்டு வந்துடறேன்." நாங்கள் போவது செங்கல்பட்டுக்கு. ஆனாலும் மனசு கேட்காது, உண்மையையும் சொல்லிவிடுவாள். யார் வீட்டு விசேஷம், எந்த மண்டபம், அந்தப் பெண்ணுக்கு எத்தனையாவது மாசம், மாமியார் எப்படிப்பட்டவள், எல்லாம் அதற்குத் தெரிந்தாக வேண்டும். பிறகு ரெண்டு பிஸ்கட். பிறகு ஃபேன்: மூன்றில் வைத்தால் குளிரும், இரண்டில் வைத்தால் புழுங்கும். பிறகு டிவி. செய்தி வைத்தால் கத்துவார்கள், அது பயந்துகொள்ளும். சீரியல் வைத்தால் அழுவார்கள், அதுவும் அழும். கடைசியில் பழைய பாட்டு. "சமத்தா இருக்கணும், சரியா?" பூட்டுகிறோம். லிஃப்டுக்குள் போனால் செல்போன் உள்ளே. திறந்தால் இன்னொரு விடைபெறுதல், இன்னொரு பிஸ்கட். மறுபடி லிஃப்ட். மேலே ஊளை கேட்கிறது. மூன்றாவது விடைபெறுதலுக்கு அவள் மட்டும் படியேறுகிறாள். நான் வேலை மாற்றலாகி ஆறு மாசம் ராய்ப்பூருக்குப் போனபோது இதே வாசலில் அவள் கேட்டது: "கேஸ் புக் பண்ணிட்டீங்களா?"

இப்படி வழியனுப்பினால் எந்த ஜீவனுக்கும், போகிறவர்கள் திரும்ப மாட்டார்கள் என்றுதானே தோன்றும்?

கால்நடை மருத்துவர் அதையேதான் மரியாதையாகச் சொன்னார். இது பழிவாங்கல் இல்லையாம், பிரிவுப் பதற்றமாம். சாவிச் சத்தம், ஷூ, கைப்பை என்று ஒவ்வொன்றையும் நாய் கணக்கு வைத்திருக்கும். ஜீரண ஆராய்ச்சிக்கு 1904-இல் நோபல் பரிசு வாங்கிய பாவ்லோவின் நாய்களுக்குச் சாப்பாடு வருமுன்பே எச்சில் ஊறிய அதே சங்கதி. ஆகவே சாவியை எடுத்துக் குலுக்கிவிட்டு, எங்கும் போகாமல் உட்கார வேண்டும். ஷூ போட்டுக்கொண்டு பேப்பர் படிக்க வேண்டும். செய்தேன். லட்டுவிடம் மாற்றமில்லை; எனக்குத்தான் இப்போது சாவிச் சத்தம் கேட்டால் நெஞ்சு படபடக்கிறது. அமெரிக்காவில் நாய்களின் இந்தப் பதற்றத்துக்கென்றே 1998-இல் ஒரு மாத்திரைக்கு அனுமதி கொடுத்திருக்கிறார்கள். லட்டுவுக்கு அது இப்போதைக்கு வேண்டாம் என்றார் டாக்டர். எனக்காவது எழுதிக் கொடுங்கள் என்றேன். சிரித்தார். ஃபீஸை மட்டும் சிரிக்காமல் வாங்கிக்கொண்டார்.

"தப்பு பண்ணினது அதுக்கே தெரியுது, மூஞ்சியப் பாருங்க" என்பார்களே, அதுவும் கதைதான். அலெக்ஸாண்ட்ரா ஹொரோவிட்ஸ் என்ற ஆய்வாளர் 2009-இல் சோதித்து எழுதியிருக்கிறார்: தின்னக்கூடாத பிஸ்கட்டைத் தின்ற நாயோ தின்னாத நாயோ, எஜமானர் திட்டினால் அந்த முகம் வந்துவிடுகிறது. மேனேஜர் கூப்பிட்டனுப்பினால் எனக்கு வரும் முகம் போலத்தான். வீட்டில் படித்துக் காட்டினேன். "அந்தம்மா நம்ம லட்டுவைப் பார்த்ததில்ல" என்று முடித்துவிட்டாள்.

ஆபீஸிலிருந்தே பார்க்கலாம் என்று ஹாலில் கேமரா வைத்தோம். லிஃப்ட் கதவு மூடியதிலிருந்து அரை மணி நேரம் லட்டு வாசலைப் பிறாண்டிக்கொண்டு ஊளையிட்டது. பார்க்கச் சகிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். அதைவிடச் சகிக்காதது, மனைவி அந்தக் கேமராவின் ஸ்பீக்கர் வழியாக "லட்டு, அம்மா பேசறேன்" என்றது. அம்மா டிவிக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறாள் என்று முடிவுகட்டிய லட்டு, செட்டாப் பாக்ஸை வயரோடு வெளியே இழுத்தது.

ஃபோக்ஸ்வேகன் வண்டியின் ரப்பர் பாகம் ஒன்றைத் தன் நாய் ஆசையாகக் கடிப்பதைப் பார்த்து, ஜோ மார்க்கம் என்ற அமெரிக்கர் 1970-களில் ஒரு ரப்பர் பொம்மை செய்தார். உள்ளே தின்பண்டம் அடைத்துக் கொடுக்கலாம். அதையும் வாங்கி, தயிர்சாதம் அடைத்து ஃப்ரீசரில் உறையவைத்துக் கொடுத்தேன். பதற்றத்தில் இருக்கும் நாய்க்குத் தனியாகச் சாப்பாடு இறங்காது என்பது பிறகுதான் தெரிந்தது. தயிர்சாதம் அப்படியே இருந்தது. பக்கத்தில் என் தலையணை. எஜமானரின் வாசனை உள்ள பொருளைத் தேடிப்போய்க் கடிப்பதும் உண்டாம். அப்படியென்றால் என் மகளின் அறையில் ஒரு ஹேர்பேண்ட்கூடச் சேதமில்லையே? 2020 ஊரடங்கில் தெருவிலிருந்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் அவள். இப்போது வேலை பார்ப்பது புனேயில். வீடியோ காலில் முதல் கேள்வி, "லட்டு சாப்பிட்டாளா?" இரண்டாவது கேள்வி, "லட்டு ஏன் இளைச்சிருக்கா?" மூன்றாவதாவது என்னைப் பற்றி இருக்கும் என்று பார்த்தால் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது.

வழி சொல்கிறேன் என்றேனே, அது வருகிறது. இதற்கிடையில் நாங்கள் விசேஷங்களுக்கு முறை வைத்துப் போக ஆரம்பித்துவிட்டோம். மண்டபத்தில், "என்ன, வீட்ல வரலையா?" என்கிறார்கள். "நாய்க்குத் துணைக்கு இருக்காங்க" என்றால் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். அதுவும் இந்த முறை வைப்பதில் ஏதோ சூது இருக்கிறது. காதுகுத்தும் கருமாதியும் என் பங்கில் விழுகின்றன. வெள்ளிக்கிழமை காரைக்குடியில் கல்யாணம். நல்ல ஆச்சி சமையல், பாயசமே மூன்று தினுசு என்கிறார்கள். மனைவி போகிறாள்.