நாலு பேனா, ஒரு மோட்டார்

எழுத்தாளன் என்றால் பெண் கொடுக்க யோசிப்பார்கள். அதுகூடப் பரவாயில்லை, காத்திருக்கலாம். சென்னையில் வீடு கொடுக்கவும் யோசிக்கிறார்களே! அதனால் கவிஞர், நாவலாசிரியர், மொழிபெயர்ப்பாளர், நான் ஆகிய நால்வரும் ஓனரம்மாவிடம் "தனியார் கம்பெனி" என்று ஒரே குரலில் சொல்லித் திருவல்லிக்கேணியில் வீடு பிடித்தோம். நாங்கள் கூட்டாகப் புனைந்த ஒரே கதை அதுதான். நல்ல வரவேற்பு.

பேட்டைக்கு இலக்கியப் பெருமை உண்டு. துளசிங்கப் பெருமாள் கோயில் தெருவில்தான் பாரதியார் 1921இல் காலமாகும்வரை குடியிருந்தார். "பாரதியே வாடகைக்கு இருந்த ஏரியா சார்" என்று சொல்லியே புரோக்கர் ஒரு மாத வாடகையைக் கமிஷனாகக் கறந்துவிட்டார்.

மோட்டார் சுவிட்சுக்கு மேலே நான் ஒரு காகிதம் ஒட்டினேன்: "மோட்டாரைப் போட்டு விட்டு தூங்காதீர்கள்." மறுநாள் யாரோ சிவப்பு மையில் 'த்' சேர்த்திருந்தார்கள். அடுத்த நாள் கவிஞர் அதை மூன்று வரியாக மடக்கினார். நாவலாசிரியர் 'போதனை வாடை' என்று ஓரத்தில் குறித்தார். இந்த இலக்கியச் சர்ச்சை நடந்தபோதெல்லாம் மோட்டார் ஓடிக்கொண்டுதான் இருந்தது. டாங்க் நிரம்பி மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்ட, ஓனரம்மா கீழிருந்து ஒரு சத்தம் போட்டார். அந்தச் சுருக்கமும் தெளிவும் எங்கள் யாருடைய உரைநடைக்கும் வாய்த்ததில்லை.

வீட்டில் வாய் திறப்பதும் ஆபத்து. சாப்பிடும்போது என் பாட்டி பக்கத்து வீட்டுக்காரியோடு போட்ட முருங்கைமரச் சண்டையைச் சொன்னேன். அடுத்த மாதம் அது நாவலாசிரியர் பெயரில் சிறுகதையாக வந்தது. பாட்டி அத்தையாகியிருந்தார், முருங்கை அப்படியே இருந்தது. அன்றிலிருந்து ரசம் கேட்பதற்கு மட்டுமே பேசுகிறோம். சமையல் கவிஞர் முறை என்றால் அதுவும் இல்லை. அன்றைக்கு எல்லோருக்கும் ரத்னா கஃபே சாம்பார் இட்லிமீது திடீர்ப் பக்தி வந்துவிடும்.

"1940இல் புரூக்ளினில் கவிஞர் ஆடன், நாவலாசிரியை கார்சன் மெக்கல்லர்ஸ், இசையமைப்பாளர் பிரிட்டன் எல்லாரும் ஒரே வீட்டில் இருந்திருக்கிறார்கள். ஆடன்தான் வாடகையைக் கறாராக வசூலிப்பாராம்" என்றார் மொழிபெயர்ப்பாளர். கவிஞர்கூட வாடகை வசூலிப்பாரா என்று மூவரும் எங்கள் கவிஞரைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தர வேண்டிய பாக்கியே இரண்டு மாதம்.

கடைசியில் ஐந்தாவதாக ஒரு வங்கி ஊழியரைச் சேர்த்தோம். மாதம் பிறந்ததும் வாடகை கட்டுகிறார், சிலிண்டர் புக் பண்ணுகிறார், கரண்ட் பில்லுக்குக் கணக்குப் போட்டுப் பங்கு பிரிக்கிறார். கதை சொன்னால் கேட்கிறார், திருப்பி எழுதுவதில்லை. இந்த ஆண்டு நாங்கள் நால்வரும் புத்தகம் கொண்டுவந்துவிட்டோம் என்றால் அதற்கு அவர்தான் காரணம். விருதுக் குழுவினர் கவனிக்க: தமிழ் இலக்கியத்துக்கு எதுவும் எழுதாமல் தொண்டாற்றியவர்களுக்கும் ஒரு பரிசு வைக்கலாம். போட்டியும் அதிகம் இருக்காது.