பாய் இருக்க சைலன்சர் எதற்கு?

படகில்லாதவன், கோவை: பாய்மரப் படகுக்கு எதற்கு ஐயா சைலன்சர்? காற்று இலவசம்தானே?

இலவசம்தான். ஆனால் நாம் கூப்பிட்டால் வராது. வந்தாலும் துறைமுகத்தின் குறுகலான சந்துக்குள் படகை ஒழுங்காகக் கொண்டுபோய்க் கட்டாது. அதற்காகத்தான் பல பாய்மரப் படகுகளின் அடிவயிற்றில் ஒரு சின்ன எஞ்சின் உட்கார்ந்திருக்கிறது. எஞ்சின் இருந்தால் புகை வரும். புகை வந்தால் இந்தப் பக்கத்துக்குக் கடிதமும் வரும்.

பாய்மரப் பைத்தியம், டொரண்டோ: 1976-ல் கட்டிய சி அண்ட் சி கம்பெனிப் படகு, அட்டாமிக் 4 எஞ்சின். இரும்புச் சைலன்சரில் ஊசிமுனை அளவு ஓட்டை. வெல்டிங் வைத்தால் போதாதா?

அட்டாமிக் 4 லேசுப்பட்ட ஆளில்லை. அமெரிக்காவின் யுனிவர்சல் கம்பெனி 1947 முதல் 1980-களின் நடுப்பகுதிவரை சுமார் 40,000 செய்து தள்ளிய நாலு சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின். இன்னும் ஓடுகிறது. ஆனால் அதோடு சேர்த்து அதன் சைலன்சருக்கும் சிரஞ்சீவிப் பட்டம் கட்டாதீர்கள்.

நீங்கள் பார்த்தது ஊசிமுனை. துரு உள்ளிருந்து தின்றுகொண்டு வருகிறது. வெளியே ஒரு துளை தெரிகிறதென்றால் சுற்றிலும் தகடு காகிதமாகிவிட்டது என்று அர்த்தம். வெல்டிங் வைக்கப் போனால் துளை ஜன்னலாகும். படகுக்குள் வைத்தே வெல்டிங் செய்யும் எண்ணம் இருந்தால், பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில்தான் போய்த் தேங்கும் என்பதை நினைவுபடுத்துகிறேன். இன்னொன்று, பெட்ரோல் எஞ்சின் புகையில் கார்பன் மோனாக்சைடு அதிகம். அதற்கு நிறமோ வாசனையோ கிடையாது. தூங்கும் அறைக்குள் சொல்லாமல் வரும். இரும்பென்றால் மாற்றுங்கள். ஃபைபர்கிளாஸ் என்றால் இழைத்துணியும் எபாக்சியும் வைத்து ஒட்டலாம், நிற்கும்.

பயந்தவள், சிட்னி: சைலன்சரைத் திறந்தால் உள்ளே தண்ணீர்! மெக்கானிக் சிரிக்கிறார். எனக்கு அழுகை வருகிறது.

மெக்கானிக் கட்சி ஜெயித்தது. காரின் சைலன்சரில் தண்ணீர் இருந்தால் கோளாறு. படகின் சைலன்சரில் கொஞ்சம் இருப்பதுதான் முறை. எஞ்சினைக் குளிர்வித்து முடித்த கடல்நீரை, எல்போ என்ற வளைகுழாய் ஒன்றின் வழியாகச் சுடுபுகையோடு கலந்துவிடுவார்கள். பல நூறு டிகிரியில் வந்த புகை, ரப்பர் ஹோஸ் தாங்கும் அளவுக்கு அங்கேயே தணியும். தணிந்த கலவை சைலன்சரில் விழும். வாயை அடைத்த குடத்தில், அடிவரை ஒரு குழாய் இறக்கிவைத்ததாக நினையுங்கள். மேலே சேரும் புகை அழுத்த, அடியில் நிற்கும் தண்ணீர் குழாயில் ஏறி வெளியே துப்பப்படும். படகின் பின்புறம் 'புளக், புளக்' என்று கேட்கிறதே, அதுதான்.

எஞ்சினை நிறுத்தியதும் ஹோஸில் ஏறிய தண்ணீர் முழுதும் திரும்பி சைலன்சருக்கே இறங்கும். அத்தனையும் அடங்குகிற கொள்ளளவு வேண்டும். மலிவாகக் கிடைத்ததென்று குட்டி சைலன்சர் வாங்கியவர்களின் மிச்சத் தண்ணீர் எங்கே போகும் என்பதை அடுத்த கேள்வியில் பாருங்கள்.

விடாக்கண்டன், லங்காவி: டீசல் எஞ்சின் ஸ்டார்ட் ஆகவில்லை. விடாமல் சாவியைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். இப்போது அசையவே மாட்டேன் என்கிறது. சைலன்சரும் புதுசு!

புதுசுதான், நீங்கள்தான் அதை நிரப்பிவிட்டீர்கள். ஸ்டார்ட்டர் சுற்றும்போதெல்லாம் கடல்நீர் பம்பும் சுற்றும். எஞ்சின் பற்றாதவரை அந்தத் தண்ணீரை வெளியே தள்ளப் புகை இல்லை. சைலன்சர் நிரம்பி, எல்போ வழியே ஏறி, திறந்திருக்கும் எஞ்சின் வால்வுக்குள் புகுந்து சிலிண்டரில் உட்கார்ந்துகொண்டது. தண்ணீரை அமுக்க முடியாது. மேலும் முறுக்கினால் வளைவது உங்கள் கனெக்டிங் ராடுதான்.

சாவியிலிருந்து கையை எடுங்கள். கடல்நீர் வால்வை மூடி, சைலன்சரின் அடித் திருகைக் கழற்றி வடியுங்கள். இன்ஜெக்டர்களைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் சுற்றினால் தண்ணீர் வெளியேறும். ஆயில் பால்காப்பி நிறத்தில் இருந்தால் மாற்றுங்கள். தெளியும்வரை மறுபடி மாற்றுங்கள். இதெல்லாம் இன்றைக்கே. உப்புநீர் சிலிண்டருக்குள் ஒரு வாரம் விருந்தாடினால் பிறகு எஞ்சினையே மாற்றவேண்டியதுதான். இனி எஞ்சின் முரண்டு பிடித்தால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு ஸ்டார்ட்டரை ஓட்டுங்கள். பற்றிய நொடியில் திறந்துவிடுங்கள். மறந்தால் பம்புக்குள் சுழலும் இம்பெல்லர் போகும், அது வேறு செலவு.

ஸ்டார்ட்டரைத் தொடாமலேயே நின்ற படகில் தண்ணீர் ஏறியிருந்தால், தண்ணீர் கலக்கும் இடம் கடல் மட்டத்துக்குக் கீழே இருக்கிறதா, அங்கே தண்ணீர் தானாக இழுபட்டு வருவதை (சைஃபன்) தடுக்கும் வால்வு உப்படைத்துக் கிடக்கிறதா என்று பாருங்கள்.

சிக்கனச் சிகாமணி, சவுத்தாம்ப்டன்: பிளாஸ்டிக் சைலன்சர் நல்லதா?

துருப்பிடிக்காது, விலையும் குறைவு. தண்ணீர் வருவது நின்றால் மட்டும் உருகும். இம்பெல்லரின் ரப்பர் இதழ்கள் கிழிந்து தண்ணீர் வராமல் போனால், புகை சூட்டோடு நேரே அதற்குள் வரும். ஹோஸில் வெப்பம் காட்டும் அலாரம் ஒன்றையும் சேர்த்து வாங்குங்கள். ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்ற பேரை நம்பி அந்தப் பக்கம் போகவேண்டாம். வெல்டிங் ஓரங்களில் உப்பும் சூடும் சேர்ந்து அரித்துவிடும்.

வாரக்கடைசி விதவை, ஹாலிஃபாக்ஸ்: வீட்டுக்காரர் பழைய சைலன்சரைக் கழற்றப் போனவர் இன்னும் இருக்கைக்கு அடியிலேயே இருக்கிறார். எப்போது வருவார்?

ஹோஸை இழுத்துக்கொண்டிருந்தால் வரமாட்டார். கத்தியால் நீளவாக்கில் கீறச் சொல்லுங்கள். பழைய ஹோஸையும் எப்படியும் தூக்கிப்போடத்தான் வேண்டும். சில பழைய படகுகளில் சைலன்சரை வைத்துவிட்டு மேல்தளத்தை மூடியிருப்பார்கள். முழுசாக வெளியே வராது, அறுத்துத்தான் எடுக்கவேண்டும். புதியதை வாங்குமுன் அது நுழையும் வழியை அளக்கட்டும். புது ஹோஸை வெந்நீரில் முக்கினால் இளகி ஏறும். முனைக்கு இரண்டு கிளாம்ப். உள்வழி, வெளிவழி மாற்றி மாட்டினால் தண்ணீர் வெளியேறாமல் எஞ்சினை நோக்கி ஏறும். எஞ்சின் பக்கத்துக் குழாயில் பழைய துணிப்பட்டை சுற்றியிருந்தால் கையை வைக்கவேண்டாம், ஆஸ்பெஸ்டாஸாக இருக்கலாம்.

மறுபடியும் பாய்மரப் பைத்தியம், டொரண்டோ: ஒண்டாரியோ ஏரி நன்னீர்தானே, எங்களுக்கு உப்பரிப்புக் கவலை இல்லையே?

இல்லை. உங்களுக்கு ஜனவரி இருக்கிறது. வடிக்காத தண்ணீர் உறைந்தால் சைலன்சர் பிளக்கும்.

புகைஞானி, ஆக்லாந்து: சைலன்சரை மாற்றியும் கறுப்புப் புகை; வேகமும் ஏறவில்லை.

எல்போவைக் கழற்றி உள்ளே விரலை விடுங்கள். சுண்டுவிரல்கூட நுழையாத அளவுக்குக் கரி அடைத்திருக்கும். அதுவும் சுத்தமாக இருந்தால் புரொப்பெல்லரைப் பாருங்கள், சிப்பி குடியேறியிருக்கலாம். சைலன்சர் ரசீதை மனைவியிடம் காட்டிவிட்டீர்களா?