பில்ஜ் நீர்: ஓர் அளவையியல் ஆய்வு

பாய்மரப் படகின் தரைப்பலகையைத் தூக்கினால் அடியில் ஒரு பள்ளம் இருக்கும். பெயர் பில்ஜ். படகில் எங்கே ஒழுகினாலும் தண்ணீர் கடைசியில் வந்து சேருமிடம் அதுவே. ஆகவே, தண்ணீர் கிடக்கும் இடம் வேறு, நுழைந்த இடம் வேறு என்பது இவ்வாய்வின் முதற்கோள். படகுக்காரர்கள் இதை ஏற்பதில்லை. தண்ணீரைக் கண்ட இடத்திலேயே சீலன்ட்டைப் பூசிவிட்டுக் கைகழுவிவிடுகிறார்கள்.

காட்சி, கருதல், உரை என நம் தருக்க நூலார் வகுத்த மூன்று அளவைகளும் இங்கே செல்லும்.

காட்சி அளவையில் கண்ணைவிட நாக்கே தலைமை. ஒரு சொட்டைத் தொட்டு வைக்க, உப்புக் கரித்தால் கடல்நீர்: அடிவால்வு, படகின் அடிமுதுகெலும்பான கீலின் போல்ட், புரொப்பல்லர் ஷாஃப்ட் ஆகியவை சந்தேகத்துக்குரியன. கரிக்காவிட்டால் குடிநீர்த் தொட்டி, வாட்டர் ஹீட்டர், ஐஸ்பெட்டி, மழை. டீசல் மினுங்கினால் காட்சியை மூக்கோடு நிறுத்திக்கொள்க. பள்ளத்தில் பழைய உப்பு படிந்திருந்தால் மழைநீரும் கரிக்கும். எனவே முதலில் நல்ல தண்ணீர் விட்டுக் கழுவி, துணியால் ஒற்றி, ஈரமே இல்லாமல் உலர்த்துவது ஆய்வாளர் கடன். அதன்பின் டால்கம் பவுடர் தூவினால் வந்த தண்ணீர் தன் தடத்தைத் தானே வரைந்து காட்டும்.

அடுத்தது கருதல். சில படகுகளில் பாய்மரம் மேல்தளத்தைத் துளைத்து நேரே கீல்வரை இறங்கும். கயிறுகள் உருளும் உச்சித் துளை வழியே மழை புகுந்து, மரத்தின் உள்ளேயே வழிந்து, பில்ஜில் சேரும். ஓட்டை தலைக்கு மேலே பல மீட்டர் உயரத்தில். உடையவரோ கீழே குப்புறப் படுத்திருக்கிறார். 'அற்றேல், அவர் கீழே சீலன்ட் பூசியதன் பயன் என்னை?' எனின், மனநிறைவே பயன் என்க.

உரை அளவை ஆபத்தானது. 'அது எப்பவும் இருக்கிறதுதான்' என்னும் பழைய உரிமையாளர் வாக்கு, நம்பத்தக்கவர் சொல்லாகிய ஆப்தவாக்கியம் ஆகாது. ஆப்தர் என்றால் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். தனியாளாய் நிற்காமல் உலகைச் சுற்ற 1968 ஜூனில் இங்கிலாந்தின் ஃபால்மவுத்தை விட்டுக் கிளம்பிய அவருடைய 'சுஹைலி', பம்பாயில் தேக்கால் கட்டியது. அட்லாண்டிக்கில் கீலை ஒட்டிய பலகை இடுக்கு ஒழுகிற்று. கடலில் குதித்து, மூச்சடக்கி, பஞ்சுத்திரியைத் திணித்தார், நிற்கவில்லை. திரியைக் கித்தான் பட்டையில் தைத்து, தார் பூசி, செம்பாணி அறைந்தார். அதன்மேல் செப்புத் தகடு. இடையில் வந்த சுறாவைச் சுட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். 1969 ஏப்ரல் 22இல் ஃபால்மவுத் திரும்பினார்.

இனி, ஒழுகலை முற்றும் அடைக்கக் கூடாத விதிவிலக்கு. ஷாஃப்ட் வெளியேறும் இடத்தில், கொழுப்பில் ஊறிய நார்க்கயிறு சுற்றிய பழைய பாணி ஸ்டஃபிங் பாக்ஸ் உண்டு. எஞ்சின் ஓடும்போது அது நிமிடத்துக்குச் சில சொட்டு விடத்தான் வேண்டும். அந்த நீரே ஷாஃப்டைக் குளிர்விக்கிறது. ஒரு சொட்டும் வராதபடி நட்டை முறுக்கினால் கயிறு கருகும், ஷாஃப்ட் தேயும். அங்கே மட்டும் ஸ்பானரைக் கீழே வையுங்கள், சொட்டட்டும்.