நான் ராட்சச கணம், அவர் தேவ கணம்

ஜாதகப்படி நான் ராட்சச கணம், சித்திரை நட்சத்திரம். இதைக் கேட்டு இதுவரை யாரும் ஆச்சரியப்படவில்லை என்பதுதான் என் வருத்தம். என் கணவர் அசுவினி; தேவ கணம். பெண் ராட்சச கணம், பிள்ளை தேவ கணம் என்றால் கணப் பொருத்தம் கிடையாது என்பார்கள். ஆனாலும் எங்கள் ஜோசியர் மனமிரங்கினார். "ரஜ்ஜு தட்டலை. யோனியில பொண்ணு புலி, பையன் குதிரை. ரெண்டுக்கும் பகை கிடையாது. தாராளமா முடிக்கலாம்" என்றார். பகை கிடையாது என்பதைக் குதிரையிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

கணப் பொருத்தத்தை நான் கேலி செய்யமாட்டேன். 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து தேவர், மனுஷர், ராட்சசர் என்று வைத்தவர்களுக்கு, குடித்தனம் ஓடுவது குணத்தால்தான் என்ற விவரம் தெரிந்திருக்கிறது. உளவியல்காரர்கள் மூன்றை ஐந்தாக்கினார்கள்: புதுமை நாட்டம், ஒழுங்கு, கலகலப்பு, இணக்கம், பதற்றம். இதில் ஐந்தும் எல்லோருக்கும் உண்டு. அளவுதான் ஆளுக்கு ஆள் மாறும்.

எங்கள் அளவுகள் தலை தீபாவளிக்குத் திருநெல்வேலி கிளம்பிய அன்று தெரிந்தன. எழும்பூரில் இரவு எட்டு மணிக்கு மேல்தான் ரயில். நான் மதியமே ஜன்னல் கொக்கிகளை மாட்டி, கேஸ் ரெகுலேட்டரை மூடி, மூடினேனா என்று திரும்பப் போய்ப் பார்த்து, டிக்கெட்டை போனிலும் ஹேண்ட்பேக்கிலும் முறுக்கு டப்பாவுக்கு அடியிலும் வைத்தாயிற்று. அவர் ஆறரை மணிக்கு லுங்கியோடு உட்கார்ந்து, கீழ்வீட்டு மாமாவின் டி.வி. ரிமோட்டைப் பிரித்துப் பழுது பார்த்துக்கொண்டிருந்தார். (அந்தக் கைத்தொழில் அவருக்கு வந்த கதையைப் பின்னால் சொல்கிறேன்.)

"ஏங்க, ரயிலு!"

"ரயில் எங்கம்மா போயிடப் போகுது?"

"திருநெல்வேலிக்கு!"

எப்படியோ ஏறி உட்கார்ந்தோம். வண்டி கிளம்பும் நேரத்தில் தண்ணீர் பாட்டில் வாங்க இறங்கினார். விசில் ஊதியது, வண்டி நகர்ந்தது, ஆளைக் காணோம். நான் மனசுக்குள் ரயில்வே போலீசில் புகார் கொடுத்து, அங்க அடையாளம் சொல்லி, அப்பாவிடம் விஷயத்தை எப்படிச் சொல்வது என்பதுவரை போய்விட்டேன். தாம்பரம் தாண்டியதும் கடைசிப் பெட்டியிலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். கையில் பாட்டில், பக்கத்தில் ஒரு புது நண்பர். "இவரும் திருநெல்வேலிதான் போறாராம்!"

இப்படி இரண்டு பேரும் இரண்டு துருவமாக இருந்தால் விளங்குமா என்று அன்று கவலைப்பட்டேன். அப்புறம் படித்ததில் கொஞ்சம் தெளிந்தது. ஆஸ்திரேலியா, பிரிட்டன், ஜெர்மனி தம்பதிகளை வைத்து 2010-ல் வந்த ஆய்வு ஒன்று, குணம் ஒத்துப்போவதால் கிடைக்கும் சந்தோஷம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை என்கிறது. அவரவர் எப்படிப்பட்டவர் என்பதுதான் கணக்காம். யோசித்தால் சரிதான். என்னைப்போலவே ஒருவர் வாய்த்திருந்தால் பொருத்தம் பத்துக்குப் பத்து; ஆனால் இருவரும் மாற்றி மாற்றி ரெகுலேட்டரைப் பார்க்கப் போய் ரயிலை விட்டிருப்போம்.

அமெரிக்காவில் 1930-களில் நிச்சயமான 300 ஜோடிகளை 1980-கள் வரை விடாமல் பின்தொடர்ந்திருக்கிறார்கள் கெல்லி, கான்லி என்ற இரு ஆய்வாளர்கள். கல்யாணத்தைக் கசக்கவைத்ததில் முக்கியமான குணங்கள் மூன்று: மனைவியின் பதற்றம், கணவனின் பதற்றம், கணவன் தன்னை அடக்கிக்கொள்ளத் தெரியாமல் இருப்பது. மூன்றில் இரண்டு ஆண்கள் கணக்கில் வருகிறது. நான் எதுவும் சொல்லவில்லை. எண்ணிக்கையை மட்டும் சொன்னேன்.

ஜஸ்டின் லாவ்னர் என்பவரின் குழு 169 புதுத் தம்பதிகளை முதல் ஒன்றரை வருடம் கவனித்தது. கணவர்களுக்கு ஒழுங்கு கூடியது, கலகலப்பு குறைந்தது. மனைவிகளுக்குப் பதற்றம் குறைந்தது. இணக்கம் இரு தரப்பிலும் இறங்கியது. கடைசி விஷயத்துக்கு ஆய்வு எதற்கு? எங்கள் கீழ்வீட்டு மாமாவைக் கேட்டிருந்தால், சத்தம் எந்த மாதத்திலிருந்து கீழே கேட்க ஆரம்பித்தது என்று சொல்லியிருப்பார்.

எங்கள் வீட்டிலும் இப்போது வெளியே கிளம்பும்போது அவரே ரெகுலேட்டரை மூடி, "மூடியாச்சு" என்று எனக்குக் கேட்கிற மாதிரி அறிவிக்கிறார். நானும் ஒரே ஒரு தடவைதான் போய்ப் பார்க்கிறேன். இணக்கம் குறைந்ததிலும் லாபம் உண்டு. புதிதில் அவர் போடும் காபியைப் 'பிரமாதம்' என்பேன். அப்புறம் ஒருநாள், "இதுல டிகாஷன் எங்கே?" என்று கேட்டுவிட்டேன். அன்றிலிருந்து காபி குடிக்கிற மாதிரி இருக்கிறது.

இப்போது என் கொழுந்தனுக்குப் பெண் பார்க்கிறார்கள். இந்தியா விக்கெட் விழுந்தால் டி.வி. ரிமோட்டைச் சுவரில் அடிக்கிற ரகம். அண்ணன்காரர் ரிமோட் மெக்கானிக் ஆனது இப்படித்தான்.

போன வாரம் அத்தை ஒரு ஜாதகத்தை நீட்டினார். "பொண்ணு மகம். உன்னை மாதிரியே ராட்சச கணம். என்னம்மா செய்யலாம்?"

"கணம் கிடக்கட்டும் அத்தை. கோபம் வந்தா எப்படி நடந்துக்கும், ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் பதறுமான்னு அக்கம்பக்கத்துல நல்லா விசாரிங்க. அதுதான் முக்கியம்."

அத்தை கொஞ்ச நேரம் யோசித்தார்.

"விசாரிக்கலாம்தான். பதிலுக்கு அவங்களும் நம்ம பையனைப் பத்தி விசாரிச்சா?"

பிறகு ஜாதகத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

"ஜோசியரையே பார்த்துக்கலாம்."