ஓடுதண்டும் பக்கத்து வீடும்

படர்செடி என்பது உயரத்தில் ஆசை விட்டுப்போய், அகலத்தில் மட்டும் ஆசை மிச்சமிருக்கிற செடி. கணுவுக்குக் கணு வேர் விட்டுத் தரையோடு தரையாக நகரும். மண்ணை மூடுவதால் களை விதைகளுக்கு வெளிச்சம் கிடைக்காது, ஈரம் சட்டென்று ஆவியாகாது, சரிவில் மண் கரையாது. இத்தனை நன்மைகளும் தோட்டக்கலை நூல்களில் இருக்கின்றன. ஆனால் மக்கள் அதை வாங்குவதற்குக் காரணம் வேறு: ஒருமுறை நட்டுவிட்டால் பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொள்ளலாம். தோட்டம் வேண்டும், தோட்டவேலை வேண்டாம் என்கிற கட்சி எல்லா ஊரிலும் உண்டு. மொண்டெல்லோவில் அதற்கு அறுதிப் பெரும்பான்மை.

மொண்டெல்லோ, இத்தாலியின் சிசிலித் தீவிலுள்ள பலெர்மோ நகரத்தின் கடற்கரைப் பகுதி. ஒரு பக்கம் பெல்லெக்ரீனோ மலை, மறுபக்கம் கல்லோ மலை, நடுவில் பிறை வடிவ மணல். ஒரு காலத்தில் சதுப்பு நிலமாகக் கிடந்ததை வடித்து, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லாக்கள் கட்டினார்கள். கடலுக்குள் தூண்கள் மேல் நிற்கும் குளியல் மாளிகை 1913இல் வந்தது. பலெர்மோவின் வசதியானவர்களுக்கு இது கோடை வீடு. ஜூன் மாதம் வந்து ஷட்டரைத் திறப்பார்கள், வெயில் தணிந்ததும் பூட்டிவிட்டுப் போவார்கள். பூட்டிய வீட்டில் தோட்டம் தன் இஷ்டத்துக்கு வாழும். படர்செடியின் உண்மையான குணம் தெரியவருவது அந்த மாதங்களில்தான்.

இந்த ஊரில் மழை முழுக்கக் குளிர்காலத்துக்கே. கோடையில் பொட்டு மழை விழுந்தால் அதிர்ஷ்டம். போதாததற்கு உப்புக் காற்று. ஆப்பிரிக்காவிலிருந்து வரும் ஷிரோக்கோ என்கிற அனல் காற்று. 2023 ஜூலை 24 அன்று பலெர்மோவில் 47 டிகிரி அடித்தது. அடுத்த வருடம் வறட்சி முற்றி, சிசிலிக்கே அவசரநிலை அறிவித்து, பலெர்மோ வீடுகளுக்குத் தண்ணீரை முறைவைத்து விட்டார்கள். இங்கிலாந்துப் பாணிப் புல்தரையைத் தினம் நனைத்துக் காப்பாற்றியவர்களை அக்கம்பக்கத்தார் பார்த்த பார்வை எப்படி இருந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. புல்லுக்கு மாற்று தேடுவது இங்கே அழகுணர்ச்சி மட்டுமல்ல, மானப் பிரச்சினையும்கூட.

மாற்றாக இத்தாலிய நர்சரிகள் முதலில் எடுத்து நீட்டுவது லிப்பியா. குழித்தட்டுகளில் வரிசையாக, விலைச்சீட்டுடன் இருக்கும். வறட்சி தாங்கும், உப்பு தாங்கும், மிதித்தாலும் தாங்கும் என்று கடைக்காரர் அடுக்குவார். அத்தனையும் உண்மை. ஆனால் அந்தச் செடியை வேறு பெயரில் அறிந்தவர்களும் இந்த ஊரில் உண்டு: பலெர்மோவில் 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் கணிசமாக இருக்கிறார்கள். வீட்டுவேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் பலர் இருப்பதால், இந்த வில்லாக்களின் முற்றங்கள் அவர்களுக்குப் பழக்கம். யாழ்ப்பாணத்துக்காரர் எவராவது அந்தக் குழித்தட்டைக் குனிந்து பார்த்தால், அடுத்து விலைச்சீட்டைப் பார்ப்பார், அதற்கடுத்து கடைக்காரரின் முகத்தைப் பார்ப்பார். லிப்பியா வேறொன்றுமில்லை, பொடுதலை.

குளக்கரையிலும் வயல் வரப்பிலும் யாரும் நடாமல் கிடக்கும் அதே பொடுதலை. நுனிப்பக்கம் மட்டும் அரம்போல் பல் வைத்த சின்னக் கரண்டி இலை. கணுவிலிருந்து ஒரு காம்பு எழும்பி, அதன் தலையில் தீக்குச்சி மருந்து அளவுக்கு ஒரு கருநிற உருண்டை. அதைச் சுற்றி வெள்ளையும் இளஞ்சிவப்புமாகப் பூக்கள் ஒரு வளையம் கட்டும். கீழ்வளையம் உதிர உதிர உருண்டை நீண்டு, மேலே புது வளையம் வரும். ஊரில் இதை எண்ணெயில் காய்ச்சிப் பொடுகுக்குத் தலையில் தேய்ப்பார்கள், துவையலும் அரைப்பார்கள். மொண்டெல்லோவில் இதன் மேல் சாய்வு நாற்காலி போடுகிறார்கள்.

நடுவதற்கு ஏற்ற காலம் அக்டோபர், நவம்பர். யாழ்ப்பாணத்திலும் தஞ்சாவூரிலும் ஐப்பசி மழைக்கு நடுகிறவர்களுக்குப் பஞ்சாங்கத்தை மாற்ற வேண்டிய அவசியமில்லை. முதல் வேலை, ஏற்கனவே இருக்கும் அறுகை வேரோடு எடுப்பது. பிள்ளையாருக்குச் சாத்துகிற அதே அறுகு சிசிலித் தோட்டக்காரருக்குப் பரம எதிரி. கொத்தி எடுத்ததில் ஒரு விரல் நீளத் தண்டு மண்ணில் தங்கினாலும் லிப்பியாவின் நடுவில் நிமிர்ந்து நின்று சிரிக்கும், அதற்குப் பிறகு பிரித்தெடுப்பது மகா கஷ்டம். மண்ணைக் கிளறி, சதுர மீட்டருக்கு நான்கிலிருந்து ஒன்பது நாற்று வைத்தால் போதும். அவசரக்காரர் ஒன்பது வைப்பார், கஞ்சன் நான்கு வைப்பார், அடுத்த வருடக் கடைசியில் இரண்டு முற்றமும் ஒரே மாதிரி இருக்கும். முதல் கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றியே ஆகவேண்டும். வறட்சி தாங்கும் செடி என்பதை நட்ட வாரத்திலிருந்தே சோதித்துப் பார்ப்பவர்களுக்கு நர்சரியில் நல்ல வரவேற்பு உண்டு, ஏனென்றால் அவர்கள் மறுபடி வாங்க வருவார்கள். இன்னொன்று: பூத்தால் தேனீ மொய்க்கும். வெறுங்காலோடு கடலிலிருந்து ஓடிவரும் பிள்ளைகள் இருக்கிற வீட்டில், பூக்கும்போதெல்லாம் புல்வெட்டி மெஷினை ஒருமுறை ஓட்டிவிட வேண்டும். சோம்பேறித் தோட்டத்திலும் இந்த ஒரு வேலையிலிருந்து தப்ப வழியில்லை.

நிழலுக்கு டைக்கோண்ட்ரா; கொஞ்சம் தண்ணீர் கேட்கும். மதில் மேலிருந்து தொங்கவிட படரும் ரோஸ்மேரி, ஒன்றும் கேட்காது. இவை இரண்டும் கண்ணியமான செடிகள், எனவே எழுத அதிகமில்லை.

குளிர்காலத்தில் நட வேண்டாதது ஒன்று தானே வரும். மஞ்சள் பூவும் மூவிலையும் கொண்ட தென்னாப்பிரிக்க ஆக்சாலிஸ், நம் புளியாரையின் பெரியப்பா மகன். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்தியதரைக் கடல் பக்கம் வந்து சேர்ந்தது. இங்கே விதை போடுவது அபூர்வம், மண்ணுக்குள் குட்டிக் குமிழ்களாகப் பெருகுகிறது. பிடுங்கினால் கையில் தண்டு வரும், குமிழ்கள் கீழேயே தங்கும், அடுத்த வருடம் ஒன்றுக்குப் பத்தாக வரும். ஜனவரியில் தோட்டம் முழுக்க மஞ்சள் விரித்துவிட்டு, வெயில் ஏறியதும் யாரும் சொல்லாமல் காய்ந்து மறைந்துவிடும். இதோடு போராடுவதைவிட, குளிர்காலப் படர்செடி என்று பெயர் வைத்துவிட்டு விருந்தாளிக்குக் காட்டுவது மேல்.

கார்போப்ரோட்டஸ் அப்படிப் போய்விடுகிற ரகமில்லை. இதுவும் தென்னாப்பிரிக்கா. விரல் தடிமனில், குறுக்கே வெட்டினால் முக்கோணமாகத் தெரியும் சதை இலைகள். வெயிலில் மட்டும் விரியும் உள்ளங்கை அகலப் பூ, மஞ்சளிலோ கத்தரிப்பூ நிறத்திலோ. பழத்தைத் தின்னலாம், கேப் பகுதியில் ஜாம் செய்கிறார்கள். ஒரு தண்டு வருடத்துக்கு ஒரு மீட்டர் வரை நகரும். மணலைப் பிடித்து நிறுத்தும் என்று மத்தியதரைக் கடல் முழுக்கக் கரையோரங்களில் நட்டார்கள். கலிபோர்னியாவில் ரயில் பாதைக் கரைகளில் நட்டார்கள். மணலைப் பிடித்தது உண்மை, விடவில்லை என்பதுதான் சிக்கல். மெத்தைபோல் அடர்ந்து உள்ளூர்ச் செடிகளை அடியில் போட்டு அமுக்கிவிடும். பழத்தைத் தின்ற எலியும் முயலும் விதையைத் தூரத்துக்கு எடுத்துப்போகும். டஸ்கனிக் கரையோரத்து ஜியன்னூத்ரி தீவில் திட்டம் போட்டு இதைப் பிடுங்கினார்கள். தோட்டத்தில் வைத்தவர்கள் எல்லாரும், இதற்குப் பராமரிப்பே தேவையில்லை என்றுதான் வைத்தார்கள்.

பராமரிப்பு தேவைப்படாத செடிக்கு வேலியும் தேவைப்படாது. இதற்குப் பலெர்மோவிலேயே பெரிய இடத்து உதாரணம் இருக்கிறது. 1795இல் திறந்த தாவரவியல் பூங்காவில், 1938இல், மாட்டுத் தீவனத்துக்கு ஆகுமா என்று பார்க்க ஊற்றுப்புல் என்கிற ஆப்பிரிக்கப் புல்லை வளர்த்தார்கள். பூங்காவுக்குச் சுற்றுச்சுவர் உண்டு, நிபுணர்களும் உண்டு. புல் வெளியேறி, ரோட்டோரமாகவே நடந்து, மலைச்சரிவுகளைப் பிடித்தது. தீப்பிடித்தால் மற்றதெல்லாம் கருகும், இது அடிக்கட்டையிலிருந்து முதல் ஆளாகத் தளிர்க்கும். 2017இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் ஆக்கிரமிப்புச் செடிப் பட்டியலில் இடம் பிடித்தது. நிபுணர்களிடமிருந்தே தப்பித்த புல் இருக்கும் ஊரில், கோடைக்கு மட்டும் வருகிற வீட்டுக்காரர் தன் செடி மதிலோடு நின்றுவிடும் என்று நம்புவது அபார தன்னம்பிக்கை.

மதில் தாண்டினால் என்ன செய்வது என்பதற்கு இத்தாலிய சிவில் சட்டத்தில் 896ஆம் பிரிவு இருக்கிறது. பக்கத்து வீட்டு மரக்கிளை உங்கள் நிலத்துக்குள் நீண்டால், அதை வெட்டும்படி அவரைக் கட்டாயப்படுத்தலாம். வேர் வந்தால், நீங்களே வெட்டிக்கொள்ளலாம். கிளைக்கு வேண்டுகோள், வேருக்குக் கத்தி. 1942இல் இதை எழுதியவர்கள் மரத்தை மனத்தில் வைத்து எழுதினார்கள், படர்செடி அவர்கள் கனவிலும் வரவில்லை. மதிலுக்கு மேல் ஏறி இறங்கும் கார்போப்ரோட்டஸ் தண்டு, பார்வைக்குக் கிளை. தரையைத் தொட்டதும் கணுவில் வேர் விடுகிறது. அப்போது அது கிளையா, வேரா? செவ்வாய்க்கிழமை கிளையாக இருந்தது அடுத்த வாரம் வேராகிவிட்டால், யார் கத்தியை எடுப்பது? மூன்றாவது கணுவுக்குப் பிறகு தாய்ச்செடியோடு தொடர்பே அறுந்துபோனால், அது வந்தேறியா, உங்கள் வீட்டுச் செடியேவா? பக்கத்து வீட்டுக்காரரோடு பேச்சுவார்த்தை இருக்கிறவர்கள் காப்பி குடித்துக்கொண்டே தீர்த்துக்கொள்வார்கள். இல்லாதவர்களுக்கு வழக்கறிஞர்கள் இருக்கிறார்கள், செடிக்கு அவசரமும் இல்லை.

ஆகவே மதில் ஓரமாக இரண்டடி அகலத்துக்குச் சரளைக்கல் போட்டு, வீட்டைப் பூட்டும் முன் ஒருமுறையும் திறந்தவுடன் ஒருமுறையும் அந்தப் பட்டையைத் தாண்டிய தண்டுகளை வெட்டிவிடுவது நல்லது. கார்போப்ரோட்டஸைக் கையாலேயே இழுக்கலாம், பாய் சுருட்டுவதுபோல் வரும். இழுத்ததை மதிலுக்கு அப்பால் வீசினால் அதற்குப் பெயர் நடவு. ஜூலை மாதமானால் வேர் வானத்தைப் பார்க்கச் சிமெண்டுத் தரையில் போட்டால் காயும்; சதைப்பற்று உள்ளதால் சில வாரங்கள் பிடிக்கும். மழைக்காலமானால் மூட்டையில் கட்டத்தான் வேண்டும். மண்ணில் தங்கிய விதை அடுத்தடுத்த இலையுதிர் காலங்களில் முளைக்கும். முளை விரல்நுனி அளவில் இருக்கும்போதே கிள்ளிவிட்டால் களைக்கொட்டுகூட வேண்டாம்.